பள்ளிக்கூடமும் பற்றைக்காடும்

சென்ற மாதம் எமது வானொலியில் நான் பேசியதைக் கேட்கத் தவறியவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகின்றேன். நேரம் போதாமையால் அன்று சொல்லாமல் விட்ட சிலவற்றையும் இதில் சேர்த்திருக்கின்றேன்.

எங்கள் ஆட்களோடு கதைக்கும்போது அடிக்கடி காதில் விழும் ஒரு கேள்வி உண்டு. "பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். அதற்கு நாலு கம் மரத்தை வெட்டினால் இந்தச் சனத்துக்கு என்ன வந்தது? ஏன் கையெழுத்து வாங்கித் திரிகிறார்கள்?" கேட்பவர்களில் பிழையில்லை. கல்வியை நம்பியே கரையேறிய சமூகம் நாங்கள். பள்ளிக்கூடம் என்ற சொல்லுக்கு எதிரே மரம் என்ற சொல்லை வைத்தால் எங்கள் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கே ஆங்கிலத்தில் 'புஷ்' என்று பெருமையோடு சொல்வதற்கு எங்கள் பேச்சில் இருக்கும் சொல் பற்றை. பற்றை என்றால் பாம்பு, பற்றை என்றால் பராமரிப்பில்லாத வளவு. விடியக் காலையில் முற்றம் கூட்டி, வேலியோரம் செதுக்கித் துப்புரவாக வைத்திருப்பதுதான் எங்களுக்கு நல்ல குடும்பத்தின் அடையாளம். கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டங்களுக்குப் போனவர்கள் காடு வெட்டிக் கமம் செய்ததை வீரமாகத்தான் சொல்லிக் கொண்டார்கள். அப்படி வந்த கண்ணுக்கு, முறுக்கிக் கொண்டு நிற்கும் அங்கோபோரா மரமும் அதன் கீழே முள்ளுச் செடிகளும் பாதுகாக்க வேண்டிய பொருளாகத் தெரிய நாள் எடுக்கும். எனக்கும் எடுத்தது.

ஆகவே, இந்த எதிர்ப்பு எங்கிருந்து வந்தது, அதனால் என்ன நடந்தது என்ற சரித்திரத்தைச் சிட்னியை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

முதலில் மண். சிட்னியின் வடக்கிலும் தெற்கிலும் இருப்பது மணற்கல். மேலே மெல்லிய மண், கீழே பாறை, இடையிடையே பள்ளத்தாக்கு. அதில் கோதுமையும் விளையாது, மாடும் மேயாது. நாங்கள் நிறையப் பேர் குடியிருக்கும் மேற்குப் பகுதி, அதாவது வெஸ்ட்மீட், வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்கபி, பிளாக்டவுன் பக்கம், களிமண் சமவெளி. 1788இல் வந்திறங்கிய ஆங்கிலேயர் பசியில் வாடியபோது தேடியது இந்த மண்ணைத்தான். 1791இல் டூங்கபியில் அரசாங்கப் பண்ணை தொடங்கியது. கைதிகளைக் கொண்டு, கையாலும் கோடரியாலும், ஆயிரம் ஏக்கர் அளவில் மரம் வெட்டினார்கள். அங்கே வேலை செய்வது தண்டனைக்குள் தண்டனை என்று பெயரெடுத்த இடம் அது. கண்டத்திலேயே பெரிய அளவில் காடு அழித்த முதல் இடங்களில் ஒன்றில்தான் நாங்கள் இன்று வீடு வாங்கி இருக்கின்றோம்.

அதற்கு எதிர்ப்பும் அப்போதே எழுந்தது. தாருக் மக்களின் தலைவர் பெமுல்வுய் 1797இல் டூங்கபிப் பண்ணையைத் தாக்கினார். நிலம் பறிபோவதைத் தடுக்க அவர் பன்னிரண்டு ஆண்டுகள் அளவில் போராடி, 1802இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த நாட்டில் மரம் வெட்டுவதற்கு எதிரான சரித்திரத்தை 1970களிலிருந்து எழுதுவது வழக்கம். என்னைக் கேட்டால் அதை டூங்கபியில் தொடங்க வேண்டும்.

மேற்கின் காடு அதன் பின் பண்ணையாகி, பிறகு வீடாகி, தொழிற்சாலையாகி, பாடசாலையாகிப் போனது. கம்பர்லாந்துச் சமவெளிக் காடு என்று பெயர். முன்பு இருந்ததில் ஏறக்குறைய 9 வீதமே எஞ்சியிருப்பதாகக் கணக்கிட்டார்கள். 2009இல் மாநில அரசும் மத்திய அரசும் அதை அழியும் தறுவாயில் உள்ள காட்டு வகையாகப் பட்டியலில் சேர்த்தன. வடக்கின் மணற்கல் காடு தப்பியதற்கு முதற் காரணம் மனிதரின் நல்ல மனம் அல்ல, அந்த மண்ணில் ஒன்றும் விளையாது என்பதுதான். நல்ல மனம் பின்னால் வந்தது.

அது வந்த வழியில் ஒரு பெண்மணியைச் சொல்ல வேண்டும். அனி வயட் என்பவர் வடக்குச் சிட்னியில் கோர்டன் என்ற ஊரில் வாழ்ந்த குடும்பப் பெண். கண்முன்னே மரங்கள் விழுவதைப் பார்த்து 1927இல் குரிங்-கை மர நேசர் சங்கத்தைத் தொடங்கினார். சென்ட் ஐவ்ஸில் இன்றும் நிற்கும் உயர்ந்த நீலக் கம் மரக்காட்டுக்காகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 1945இல் நியூ சவுத் வேல்ஸ் தேசிய அறக்கட்டளை, அதாவது நாஷனல் டிரஸ்ட், உருவாகவும் அவரே முன்னின்றார். எழுதினார், கூட்டம் வைத்தார், திரும்பவும் எழுதினார்.

ஆனால் எழுதி மட்டும் காரியம் நடக்காது என்று காட்டிய கதைதான் கெலிஸ் புஷ். இது பாடசாலைக் கதை அல்ல, வீடு கட்டும் கதை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் அடுத்ததற்குப் போக முடியாது.

ஹன்டர்ஸ் ஹில் என்ற வசதியான ஊரில், பரமட்டா ஆற்றங்கரையில் ஐந்து ஹெக்டேயர்கூட இல்லாத ஒரு துண்டுக் காடு. பக்கத்தில் கெலி குடும்பத்தாரின் வெள்ளீயம் உருக்கும் ஆலை 1892இலிருந்து இருந்தது. ஆலைக்கும் வீடுகளுக்கும் இடையில் ஒதுக்கு நிலமாகக் கிடந்ததால் அந்தக் காடு பிழைத்தது. 1967இல் ஆலை வேறிடம் போனதும், ஏ. வி. ஜெனிங்ஸ் என்ற பெரிய கட்டிட நிறுவனம் வந்தது. முதலில் அடுக்குமாடி என்றார்கள், பிறகு 25 தனி வீடுகள் என்று குறைத்தார்கள். 1970இல் 13 பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள். கெலிஸ் புஷ் போராளிகள் என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக் கொண்டார்கள். மாநகர சபைக்கு எழுதினார்கள், அமைச்சருக்கு எழுதினார்கள், மாநில முதல்வர் அஸ்கினைப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1971இல் அமைச்சர் கையெழுத்து வைத்துவிட்டார்.

இனி யாரிடம் போவது? அவர்கள் போன இடம்தான் இந்தக் கதையின் திருப்பம். கட்டிடத் தொழிலாளர் சங்கத்திடம் போனார்கள். கணவன்மார் உத்தியோகத்தரும் வியாபாரிகளுமான பெண்கள், கம்யூனிஸ்ட் கட்சிக்காரரான ஜாக் மண்டி செயலாளராக இருந்த சங்கத்தின் கதவைத் தட்டினார்கள். சங்கத்துக்குள் உடனே உடன்பாடு வரவில்லை. பணக்கார ஊரின் பற்றைக்காக எங்கள் ஆட்கள் ஏன் வேலையை இழக்க வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள், அது நியாயமான கேள்விதான். முடிவில் சங்கம் ஒரு நிபந்தனை வைத்தது. இது ஊரவரின் விருப்பம் என்று ஒரு பொதுக்கூட்டத்தில் காட்டுங்கள், நாங்கள் வருகிறோம் என்றது. கூட்டத்துக்கு 600 பேர் வந்தார்கள். 1971 யூனில் தடை விழுந்தது. சங்கத்தில் இல்லாதவர்களைக் கொண்டு கட்டுவோம் என்று நிறுவனம் சொன்னபோது, வட சிட்னியில் அதே நிறுவனத்தின் வேறொரு கட்டிடத்தில் வேலை செய்தவர்கள் கூடித் தீர்மானம் எடுத்தார்கள். அங்கே ஒரு மரம் விழுந்தாலும் இந்தக் கட்டிடம் பாதியில் நிற்கும் என்பதே தீர்மானத்தின் சாரம். நிறுவனம் பின்வாங்கியது.

'கிரீன் பான்' என்று உலகம் அறிந்த பச்சைத் தடை பிறந்த விதம் இது. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் 40க்கும் மேற்பட்ட தடைகள் போடப்பட்டன. சிட்னித் துறைமுகத்தின் பழைய றொக்ஸ் பகுதி இன்று நிற்பதும், சென்டெனியல் பூங்காவில் விளையாட்டரங்கம் எழும்பாமற் போனதும் அவற்றால்தான். 1975இல் அந்தச் சங்கத்தின் மாநிலக் கிளையை அகில நாட்டுத் தலைமை கைப்பற்றியதோடு அந்தக் காலம் முடிந்தது. கெலிஸ் புஷ்ஷை 1983இல் மாநில அரசு வாங்கிப் பொது நிலமாக்கியது. மண்டி 2020 மே மாதம் 90 வயதில் காலமானார்.

எங்களுக்கு முக்கியமானது இதன் பின்விளைவு. தெருவில் நடந்ததைச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டிய நெருக்கடி அரசுக்கு வந்தது. 1979இல் சுற்றாடல் திட்டமிடல் சட்டம் நிறைவேறியது. பெரிய திட்டங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், அவர்களின் எழுத்துமூலமான கருத்தை ஏற்க வேண்டும், சட்டம் மீறப்பட்டால் காணிச் சொந்தக்காரர் அல்லாத எவரும் காணி-சுற்றாடல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற மூன்றும் அதோடு வந்தன. எவரும் என்றால் எவரும்தான். நகர்ப்புறத்துப் பற்றைக்காட்டைப் பாதுகாக்கவென்றே தனி விதி ஒன்று 1986இல் வந்தது.

இனிப் பாடசாலைக்கு வருவோம். லிண்ட்ஃபீல்ட் என்ற ஊரில், ஈட்டன் வீதியின் முடிவில், லேன் கோவ் தேசியப் பூங்காவுக்கு மேலே ஒரு மலைமுதுகு இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் அங்கே ஓர் ஆசிரியர் கலாசாலை கட்ட அரசு முடிவு செய்தது. 1946இலிருந்து பால்மெயினில் இடநெருக்கடியோடு நடந்த கலாசாலைக்குப் புதிய இடம். அக்காலத்து வழக்கப்படி செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? புல்டோசர் முதலில் வரும், மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பும், கட்டிடம் எழும்பிய பின் சுற்றிவரப் புல்லுப் போட்டு நாலு ஐரோப்பிய மரம் நடுவார்கள். மேற்கில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பல பாடசாலைகளைப் போய்ப் பாருங்கள், அந்த முறையின் அடையாளம் இன்றும் தெரியும். நிழலில்லாத ஒரு பெரிய புற்தரை.

லிண்ட்ஃபீல்டில் அப்படிச் செய்யவில்லை. அரச கட்டிடக்கலைப் பிரிவைச் சேர்ந்த டேவிட் டொன் டர்னர் என்ற கட்டிடக் கலைஞர், நிலத்தைக் கட்டிடத்துக்கு ஏற்ப வெட்டாமல் மலை இறங்கும் போக்கிலேயே படிப்படியாகக் கட்டிடத்தை இறக்கினார். மூடப்படாத கொங்கிரீட், அடுக்கடுக்கான மாடிகள், கூரைமேல் தோட்டங்கள். வெளிப்புறத்தைப் பார்த்துக் கொண்டவர் புரூஸ் மக்கென்சி என்ற நிலவடிவக் கலைஞர். அவருடைய கொள்கை எளிமையானது: இந்த மண்ணில் ஏற்கனவே இருப்பதைவிட அழகான தோட்டத்தை நான் கொண்டு வர முடியாது. இருந்த மரங்களையும் பாறைகளையும் அப்படியே விட்டு, வேலையின்போது சேதமான இடங்களில் அதே இடத்துச் செடிகளையே நட்டார்கள். கலாசாலை 1971இல் அங்கே குடிபுகுந்தபோது வகுப்பறை யன்னலுக்கு வெளியே கம் மரக் கிளை நின்றது. கட்டிடத்துக்கு 1978இல் சுல்மன் பதக்கம் கிடைத்தது. இந்த மாநிலத்தில் பொதுக் கட்டிடத்துக்குக் கொடுக்கும் மிக உயர்ந்த பரிசு அது.

கொங்கிரீட் கட்டிடம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் ஒருமுறை அங்கே போய் நின்று பார்த்தபோது, கட்டிடம் காட்டுக்குள் ஒதுங்கி நிற்பது போலத்தான் தெரிந்தது. கோடை தொடங்கும்போது அங்கோபோரா பழைய பட்டையை உரித்து விழுத்தும். உள்ளே புதுத்தோல் செம்மஞ்சளும் இளஞ்சிவப்புமாக இருக்கும். அதைப் பார்த்தபின் பற்றை என்ற சொல் வாயில் வர மறுத்தது.

ஆக, கல்விக்கூடமும் காடும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதை அரசாங்கமே அரை நூற்றாண்டுக்கு முன் கட்டிக் காட்டியது. பிறகு ஏன் அதே இடத்தில் தகராறு வந்தது?

கலாசாலை உயர்கல்விக் கல்லூரியாகி, 1990இல் சிட்னித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. 2000களில், நகர மையத்திலிருந்து தூரமான இந்த வளாகத்தைக் கைவிட்டு, காணியில் வீடுகள் கட்ட அனுமதிக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் விண்ணப்பித்தது. ஊரவர் கடுமையாக எதிர்த்தார்கள். 2008இல் மாநில அரசு அந்தத் திட்டத்தைக் குறைத்து அங்கீகரித்தது. காணியின் ஒரு பகுதியில் பின்னர் மாடிவீடுகள் எழும்பின. பல்கலைக்கழகம் 2015இன் முடிவில் வெளியேறியது. பழைய கட்டிடத்தை மாநிலக் கல்வித் திணைக்களம் எடுத்து, பாலர் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்புவரை 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கான பாடசாலையாக மாற்றத் திட்டமிட்டது. ஊரில் பலருக்கு மகிழ்ச்சி. சாட்ஸ்வுட் பக்கப் பாடசாலைகளில் இடமில்லாமல், புற்தரையெல்லாம் டிமவுண்டபிள் என்ற தற்காலிக வகுப்பறைகளால் நிறைந்திருந்த காலம். கட்டிடமும் தப்பும், பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும் என்று நினைத்தார்கள்.

அப்போதுதான் நெருப்பு என்ற விஷயம் மேலே வந்தது. 1994 ஜனவரியில் லேன் கோவ் பள்ளத்தாக்கில் பிடித்த காட்டுத்தீ லிண்ட்ஃபீல்ட் வீடுகள்வரை ஏறி வந்ததைக் கண்டவர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். 2009 பெப்ரவரியில் விக்டோரியா மாநிலத்தில் ஒரே நாளில் மூண்ட தீயில் 173 பேர் இறந்தார்கள். 2002இல் செய்த சட்டத் திருத்தங்களுக்குப் பிறகு, தீ அபாயமுள்ள நிலத்தில் பாடசாலை, வைத்தியசாலை, முதியோர் இல்லம் போன்றவை எழும்புவதானால் கிராமியத் தீயணைப்புச் சேவையின் அங்கீகாரம் வேண்டும். ஏனென்றால் தீ வந்தால் இங்கே உள்ளவர்கள் தாங்களாக ஓடித் தப்பக்கூடியவர்கள் அல்லர். வளர்ந்த மாணவர்கள் படித்த பல்கலைக்கழகம் அந்த விதிகளுக்கு முன்பே அங்கே இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றதும் கணக்கு மாறியது.

இந்த விதி கேட்பது கட்டிடத்தைச் சுற்றி ஒரு காப்பு வளையம். சாய்வான காட்டு நிலத்தில், பாடசாலைக்கு, அதன் அகலம் 100 மீட்டர் வரை போகும். வளையத்துக்குள் மரமே இருக்கக் கூடாது என்பதல்ல. ஒரு மரத்தின் கவிகை அடுத்ததைத் தொடாமல் இரண்டிலிருந்து ஐந்து மீட்டர் விலகியிருக்க வேண்டும், மரநிழல் நிலத்தின் 15 வீதத்துக்கு மேல் போகக் கூடாது, நிலத்திலிருந்து இரண்டு மீட்டர் வரை கிளை இருக்கக் கூடாது, செடிகள் மரத்தின் கீழ் நிற்கக் கூடாது, சருகு சேரக் கூடாது. அதாவது பார்க்கப் பூங்கா மாதிரி இருக்கும். ஆனால் அது காடு அல்ல. கீழ்ச்செடி இல்லாத இடத்தில் சின்னக் குருவி கூடு கட்டாது, சருகு இல்லாத மண்ணில் விதை முளைக்காது. கட்டியபோது ஒவ்வொரு மரமாகப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய காட்டை, அதே கட்டிடத்தின் பேரில் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஐதாக்க வேண்டிய நிலை.

பற்றைக்காட்டு அமைப்புகளும் ஊரவரும் ஆட்சேபனை எழுதினார்கள். அவர்கள் பாடசாலைக்கு எதிரானவர்கள் என்று பலர் நினைத்தார்கள். எழுதியவர்களின் வாதம் வேறு. தீக்கு இவ்வளவு பயந்த இடமென்றால் ஏன் இதைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிவு செய்தீர்கள், தெரிவு செய்த பிறகு ஏன் காடு அதன் விலையைக் கொடுக்க வேண்டும், பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கட்டிடத்தைத் தீ தாங்கும்படி பலப்படுத்தினால் வெட்டுவதைக் குறைக்கலாமே என்பதுதான் வாதம். இன்னொரு விசித்திரமும் உண்டு. தனியார் திட்டமொன்றுக்கு ஆட்சேபனைகள் குவிந்தால் அது அமைச்சரை விட்டுச் சுதந்திரமான ஆணைக்குழுவிடம் போக வேண்டும் என்று விதி இருந்தது. விண்ணப்பிப்பது அரச திணைக்களம் என்றால் போகாது. அரசே கேட்டு அரசே தீர்ப்புச் சொல்லும்.

ஆனாலும் எழுதியது வீண்போகவில்லை. 2019இன் தொடக்கத்தில் பாடசாலை திறந்தபோது முதற்கட்டமாக 350 பிள்ளைகள் அளவுக்கே அனுமதி கிடைத்தது. மிச்சம் படிப்படியாக, மேலும் தீத்தடுப்பு வேலைகளோடு என்று முடிவாயிற்று. சேர்த்துவிட்ட பெற்றோரும் சேர்க்கக் காத்திருந்த பெற்றோரும் கொதித்தார்கள், அவர்களிலும் பிழை சொல்ல முடியாது. அந்த ஆண்டின் முடிவில் இந்த மாநிலமெங்கும் பற்றிய தீயைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, 100 மீட்டர் என்று அடம்பிடித்த தீயணைப்பு அதிகாரிகளும் ஏதோ அறியாதவர்கள் அல்லர் என்று தோன்றியது. பிழை எங்கே என்றால், கேள்வியைக் கேட்ட வரிசையில் என்பதே என் எண்ணம். இடம் பொருத்தமா என்று தீயணைப்புச் சேவையிடமும் ஊரவரிடமும் கேட்டுத் தீர்த்த பிறகு பாடசாலையை அறிவித்திருக்க வேண்டும். அறிவித்துவிட்டுக் கேட்டார்கள்.

இதைக் கேட்கும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். கேட்கும் வரிசை பிழையாம்! எங்கள் ஊரில் கேட்டார்களா? யுத்த காலத்தில் பங்கர் போடவென்று எத்தனை ஆயிரம் பனைகள் தறிக்கப்பட்டன என்பதை எண்ணியவர் யார்? குற்றி எல்லாத் தரப்புக்கும் தேவைப்பட்டது. பாட்டன் நட்டது, பேரன் வடலி வெட்டக் காத்திருந்தது, ஒரு பகலில் போயிற்று. உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்ட இடங்களில் மரத்தோடு பள்ளிக்கூடமும் போயிற்று. இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு வாத்திமார் மரத்தடியில் படிப்பித்தார்கள். மரமும் பள்ளிக்கூடமும் எங்களுக்கு ஒன்றாகவே இல்லாமற் போனவை, சில காலம் ஒன்றாகவே இருந்தவையும்கூட. ஆட்சேபனைக் கடிதம் எழுதுவதற்கு அங்கே முகவரி இருக்கவில்லை. எழுதினால் எழுதியவரைத் தேடி வந்திருப்பார்கள்.

இதனால்தான் இந்த விஷயத்தைப் பேச எடுத்தேன். கம்பர்லாந்துக் காடு லிண்ட்ஃபீல்டின் மணற்கல் காட்டைவிட எத்தனையோ மடங்கு அரிதானது. அதற்காக எழுந்த குரல் அதற்கேற்பப் பெரிதா என்றால் இல்லை. வடக்கில் எழுதத் தெரிந்தவர்கள், ஓய்வு நேரம் உள்ளவர்கள், சட்டம் படித்தவர்கள் இருந்தார்கள். மேற்கில் இரண்டு வேலை செய்பவர்கள் இருந்தார்கள். அங்கும் சில உள்ளூர்ச் சங்கங்கள் விடாமல் எழுதி வந்திருக்கின்றன, ஆனால் அவர்களின் கூட்டங்களில் எங்கள் முகங்கள் அபூர்வம்.

அதோடு மேற்கில் இன்னொன்றும் நடந்தது, எங்களில் அநேகருக்குத் தெரியாமல். ஸ்கோபீல்ட்ஸ், மார்ஸ்டன் பார்க் பக்கத்துப் புதிய குடியிருப்புகளில் இப்போது எங்கள் ஆட்கள் நிறைய. வடமேற்கு, தென்மேற்கு வளர்ச்சிப் பிரதேசங்கள் என்று 2006இல் வரையறுத்த நிலத்துக்கு, 2007 டிசம்பரில் அரசு ஒரே சான்றிதழ் கொடுத்தது. அருகிவரும் மரஞ்செடிகளைப் பற்றிக் காணிக்குக் காணி, கட்டிடத்துக்குக் கட்டிடம் தனித்தனியாக ஆராயத் தேவையில்லை என்பது அதன் பொருள். அதற்கு ஈடாக அந்தப் பிரதேசங்களுக்குள் 2,000 ஹெக்டேயர் இயற்கைக் காட்டைக் காப்பதாகவும், 530 மில்லியன் டொலர் நிதியில் பெரும்பகுதியை வெளியே காடு வாங்கிப் பாதுகாக்கச் செலவிடுவதாகவும் உறுதி சொன்னது. நல்ல பேரமா, கெட்ட பேரமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. துண்டு துண்டாகக் காப்பதைவிடப் பெரிதாக ஓரிடத்தில் காப்பது மேல் என்பவர்கள் சொல்வதிலும் சாரமுண்டு. ஆனால் அந்த இடங்களில் புதுப் பாடசாலைக்குக் காணி துப்புரவாக்கும்போது, மரத்தைப் பற்றிய பெரிய கேள்வி ஏற்கனவே கேட்டு முடிந்துவிட்டது. நாங்கள் அங்கே காணி வாங்குவதற்கு முன், சிலர் இந்த நாட்டுக்கே வருவதற்கு முன், 2007இல்.

மிஞ்சியிருப்பது சின்னக் கேள்விகள்தான். எந்த மரத்தை விடலாம், கட்டிடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா, வாகனத் தரிப்பிடத்தை வேறு பக்கம் வைக்கலாமா, மிச்சமிருக்கும் ஒரு மூலைக்கு வேலி போட்டு விடலாமா என்பவை. இவற்றுக்கு இடமுண்டு. பாடசாலைத் திட்டங்களைப் பொதுப் பார்வைக்கு வைக்கும்போது வரைபடமும், மரங்களைப் பற்றிய அறிக்கையும் அதோடு இருக்கும். அறிக்கையில் ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் ஓர் இலக்கம் போட்டு, வைப்பதா வெட்டுவதா என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கருத்துச் சொல்ல எத்தனை நாள் என்பதும் அறிவித்தலிலேயே இருக்கும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. பாடசாலை வேண்டும், ஆனால் இந்த இலக்க மரத்தை விட்டு வரைபடத்தை மாற்றுங்கள் என்று நாலு வரி போதும். ஆட்சேபனையாகத்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை, கருத்து என்று எழுதலாம். ஆங்கிலம் சிரமமென்றால் அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை 131 450இல் அழைத்துத் தமிழில் விளக்கம் கேட்கலாம். குடியுரிமை இருக்கிறதா, எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டார்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கையெழுத்து வைத்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்று என்னிடம் கேட்டவர்கள் ஒன்றிரண்டு பேர் அல்லர்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகள் நடப்பதும் இந்த அரச பாடசாலை வளவுகளில்தான். பிள்ளைகளைக் கூட்டிக் கொண்டு போகும்போது வேலியோரம் பாருங்கள். கறுத்த, வெடித்த பட்டையோடு ஒரு மரம் நின்றால் அநேகமாக அது அயன்பார்க். சாம்பல் நிறத்தில் பெட்டிப் பெட்டியாகப் பட்டை இருந்தால் கிரே பொக்ஸ். இரண்டும் பழைய கம்பர்லாந்துக் காட்டின் மரங்கள். யாரும் நட்டவை அல்லாமல் இருக்கவும் கூடும்.

அடுத்த மாதப் பேச்சில் டூங்கபிப் பண்ணையையும் பெமுல்வுய்யையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருக்கின்றேன்.